டிக் உள்ள பிள்ளைக்குத் தட்டல் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாமா?

கொளத்தூரிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்புப் படிக்கிறான். ஒன்றரை ஆண்டாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான், சில மாதங்களாகக் கழுத்தையும் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கிறான். குழந்தை நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "இது டிக், பயப்பட ஒன்றுமில்லை, இப்போதைக்கு மருந்தும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதற்கிடையில் நாத்தனார் ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். முகத்திலும் நெஞ்சிலும் விரல் நுனியால் தட்டிக்கொண்டே சில வாக்கியங்களைச் சொன்னால் மன அழுத்தம் கரையும், டிக்கும் நின்றுவிடும் என்கிறது அது. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. இதைச் செய்யலாமா, செய்வதானால் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசனையில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டல் பயிற்சியைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். பதற்றம் ஏறும் நேரத்தில் உடம்பைத் தணித்துக்கொள்ள அது பல குழந்தைகளுக்குக் கைகொடுக்கிறது. டிக்கை நிறுத்தும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்த இரண்டாவதில் நீங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் முதலாவது பலன் தரும். அது ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மூளையின் ஆழத்தில், எந்த அசைவை வெளியே விடுவது, எதைத் தடுத்து நிறுத்துவது என்று சலித்துப் பார்க்கும் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் மேல்மூளைக்கும் இடையே ஓடும் நரம்புப் பாதையில் தடுப்பு சற்றுத் தளர்ந்திருக்கும்போது, தேவையில்லாத அசைவுத் துணுக்குகளும் ஒலித் துணுக்குகளும் வெளியே நழுவிவிடுகின்றன. டிக் என்பது அதுதான். சேட்டையும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை, வளர்ப்பில் நேர்ந்த குறையும் இல்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாத்தாவோ சித்தப்பாவோ சிறு வயதில் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்ததாக, விசாரித்தால் பல வீடுகளில் ஒரு கதை வெளிவரும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்கி, பத்து முதல் பன்னிரண்டு வயது வாக்கில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தின் பிற்பகுதியில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கணிசமாகக் குறைந்துவிடும். ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது.

உங்கள் மகனுக்கு அசைவு டிக்குகளும் ஒலி டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாக இருக்கின்றன. மருத்துவர் அடுத்த முறை டூரெட் நோய்க்குறி என்ற பெயரைச் சொன்னால் அதிர்ச்சி அடைய வேண்டாம். 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவரின் பெயர் அது. பல அசைவு டிக்குகளும் ஒரு ஒலி டிக்காவதும் ஓராண்டைக் கடந்து நீடித்தால் அந்தப் பெயரை வைக்கிறார்கள், அவ்வளவே. கெட்ட வார்த்தைகளைக் கத்துவதுதான் டூரெட் என்று இணையத்தில் தேடியவுடன் வரும். உண்மையில் அது சிறுபான்மையினருக்கு மட்டுமே இருக்கிறது.

டிக்கைப் பற்றிப் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று, அது வருவதற்கு முன்னால் உடம்பில் எழும் உந்துதல். தும்மல் வரப்போகும் மூக்கின் குறுகுறுப்பை நினைத்துப் பாருங்கள். அல்லது கொசு கடித்த இடத்தைச் சொறியக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பல குழந்தைகள் அந்த உந்துதலை விவரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "கழுத்துக்குள்ள ஏதோ சரியா உட்காராத மாதிரி இருக்கு ஆன்ட்டி, ஒரு தடவை வெட்டினா சரியா உட்கார்ந்துக்கும்" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. ஆகவே இது முழுக்கத் தானாக நடப்பதும் அல்ல, முழுக்க வேண்டுமென்று செய்வதும் அல்ல. சிறிது நேரம் அடக்க முடியும். அதனால்தான் வகுப்பில் ஆசிரியர் எதிரில் அடக்கிக்கொண்டு, வேனை விட்டு இறங்கி வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது கொட்டித் தீர்க்கிறார்கள். "ஸ்கூல்ல பண்ணலையாம், வீட்டுல மட்டும் பண்றான், அப்படின்னா வேணும்னுதானே பண்றான்?" என்று கேட்கும் தந்தையரை வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். அடக்கினால் பிறகு இரண்டு மடங்காக வெடிக்கும் என்ற பொதுநம்பிக்கையை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வீடு அவனுக்கு அடக்கத் தேவையில்லாத இடமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பொருந்தும். அது உங்களுக்குக் கிடைத்த நற்சான்றிதழ்.

மன அழுத்தம் இங்கேதான் நுழைகிறது. அழுத்தம் டிக்கை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் கிளப்பிவிடுகிறது. தேர்வு, திட்டு, தூக்கக் குறைவு, சளிக்காய்ச்சல் எல்லாம் கிளப்பும். தீபாவளிக்கு முந்தைய நாளும் பிறந்தநாளும்கூடக் கிளப்பும், ஏனென்றால் மகிழ்ச்சியான பரபரப்புக்கும் உடம்பு அப்படித்தான் எதிர்வினை செய்கிறது. சிலருக்கு வெயிலும் ஒரு காரணம். மே மாதத்துச் சென்னையில் அதை அனுபவத்தில் பார்க்கலாம். 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது: டூரெட் உள்ள பிள்ளைகளுக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்து அழுத்தம் ஏற்றியபோது, சுதந்திரமாக விட்டிருந்தால் டிக்குகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை, அடக்கச் சொல்லியிருந்த நேரத்தில்தான் அழுத்தம் அந்த அடக்கும் திறனைத் தின்றுவிட்டது. தேர்வறையில் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து, வினாத்தாளையும் பார்த்து, கழுத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பையனின் நிலை இதுதான். அவனுடைய பதற்றம் சற்றே தணிந்தால் அவனுக்குக் கையில் கொஞ்சம் கவனம் மிஞ்சும். தட்டல் பயிற்சியிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். இதுவே சின்ன விஷயம் அல்ல.

அந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் காணொளிகளின் ஆரவாரம் குறையும். ரோஜர் கல்லஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில், சீன அக்குபங்சர் சொல்லும் புள்ளிகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தட்டினால் பயங்கள் நீங்கும் என்று ஒரு சிகிச்சையை உருவாக்கினார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க் என்ற பொறியாளர் 1990-களில் அந்த வரிசைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்று என்று எளிமைப்படுத்தினார். இன்று ஈஎஃப்டி (EFT) என்றும் டேப்பிங் என்றும் சுற்றுவது அதுதான். (நாம் பிள்ளையாருக்கு முன்னால் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்வதே இதன் மூலம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.) உடம்பில் சக்தி ஓடும் பாதைகளில் அடைப்பு ஏற்படுகிறது, தட்டினால் அடைப்பு நீங்குகிறது என்பது அவர்களுடைய விளக்கம். இதற்கு உடற்கூறியல் ஆதாரம் கிடையாது.

விளக்கம் தவறாக இருந்தாலும் செயல் பயன்படலாம் என்பதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 2003-இல் வெளியிட்டார்கள். அச்சம் உள்ள மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை முறைப்படியான புள்ளிகளிலும், இன்னொரு குழுவைக் கையில் சம்பந்தமில்லாத இடங்களிலும் தட்டச் சொன்னார்கள். மூன்றாவது குழு தன் உடம்பை விட்டுவிட்டு ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது குழு எதையும் தட்டவில்லை. தட்டிய மூன்று குழுக்களுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி அச்சம் குறைந்தது, பொம்மையைத் தட்டியவர்கள் உட்பட. ஆக, புள்ளியில் மந்திரம் எதுவுமில்லை. கவனத்தை ஓர் எளிய, சீரான செயலில் வைத்துக்கொண்டு, பயத்துக்குப் பெயர் சொல்லி, அதை எதிர்கொண்டபடியே மூச்சைச் சீராக்கிக்கொள்வதுதான் வேலை செய்கிறது என்பது என் முடிவு. பெரியவர்களின் பதற்றத்தில் இந்த முறை ஓரளவு நிவாரணம் தருவதாகச் சில ஆய்வுகள் உள்ளன. அவற்றில் பல, இந்த முறையைக் கற்பிப்பவர்களே நடத்தியவை. குழந்தைகளின் டிக்கை இது குறைக்கும் என்று நிறுவிய தரமான ஆய்வு கிடையாது.

அப்படியானால் "என் பிள்ளைக்கு நின்றுவிட்டது" என்று சொல்லும் தாய்மார்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. டிக் ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பதறி ஏதாவது செய்கிறோம். அடுத்த சில வாரங்களில் அது தானாகவே இறங்கும். இடையில் எதைச் செய்திருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். என்னிடம் வரும் குழந்தைகளில் பலர் முதலில் கண் மருத்துவரையும் பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்தவர்கள். சொட்டு மருந்து தீரும் நேரத்தில் சிமிட்டல் அடங்கியிருக்கும், மருந்து கேட்டது என்று வீடே நிம்மதியடையும், அடுத்த மாதம் தோள் குலுங்கத் தொடங்கும். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டவர்களுக்கும் இதே அனுபவம்தான்.

இனி, எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். காணொளியில் வரும் வழக்கமான சுற்று இப்படி இருக்கும்: சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை ஓரத்தில் தொடங்கி, புருவம் ஆரம்பிக்கும் இடம், கண்ணின் வெளி ஓரம், கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடு, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள குழி, காறை எலும்பு, அக்குளுக்கு நான்கு விரல் கீழே விலாப்பக்கம், கடைசியாக உச்சந்தலை, ஒவ்வோர் இடத்திலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து ஐந்தாறு முறை மெதுவாகத் தட்டல். தொடங்கும்போது, "எனக்கு இந்தப் பிரச்சினை இருந்தாலும் என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டும்.

இதை அப்படியே உங்கள் மகனிடம் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மாற்றங்கள் தேவை, இரண்டையும் நான் பிழை செய்துதான் கற்றேன்.

பதினோரு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, தோளைக் குலுக்குவாள், மூக்கை உறிஞ்சுவாள். வழக்கமான வாக்கியத்தில் "பிரச்சினை" என்ற இடத்தில் டிக்கை வைத்து, "என் தோள் குலுங்கினாலும் என்னை எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லவைத்தேன். அதற்கு முன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த குலுக்கல், "தோள்" என்ற சொல்லை உச்சரித்த ஒவ்வொரு முறையும் வந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு வெட்கமாக இருந்தது. டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் வரும் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடிப் பாடம். ஒரு வாய்பாட்டை நம்பி அதை மறந்திருந்தேன். வாக்கியத்தை மாற்றினோம். அந்த வாரம் அவளை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது என்னவென்று கேட்டதில், கணக்கு வகுப்பில் கரும்பலகைக்கு அழைப்பார்களே என்ற பயம் என்றாள். "போர்டுக்குப் போறதை நினைச்சா வயித்தைப் பிசையுது. பிசையட்டும். நான் இங்கதான் இருக்கேன்." இது அவளே கட்டிய வாக்கியம். பெரியவர்களின் "முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்" குழந்தையின் வாயில் மனப்பாடச் செய்யுளாகிவிடும். வயிற்றைப் பிசைகிறது என்பதில் உயிர் இருக்கிறது. முதலில் பயத்துக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தவள் மூன்று சுற்றுக்குப் பிறகு ஐந்து கொடுத்தாள். தோள் அன்று குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை நாங்கள் எண்ணவில்லை.

இரண்டாவது மாற்றம் இடத்தைப் பற்றியது. கண் சிமிட்டும் குழந்தையைக் கண்ணைச் சுற்றித் தட்டச் சொல்வது, தூங்கும் நாயின் வாலை மிதிப்பதற்குச் சமம். செருமும் குழந்தைக்கு முகவாய்க்கும் தொண்டைக்கும் அருகில் தட்டுவதும் அப்படியே. பொம்மையைத் தட்டினாலே பலன் உண்டு என்னும்போது டிக் இருக்கும் இடத்தை ஏன் தொட வேண்டும்? உங்கள் மகனுக்கு நான் மூன்று இடங்களைத்தான் பரிந்துரைப்பேன்: உள்ளங்கை ஓரம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே மார்பின் மேற்பகுதி, தொடை. உந்துதல் கழுத்தில் எழுவதால் காறை எலும்பும் அவனுக்குத் தொந்தரவாகத் தோன்றினால் அதையும் விட்டுவிடலாம்.

தொடக்கம் பதற்றமில்லாத நேரத்தில் இருக்க வேண்டும். இரவு சாப்பாடு முடிந்து, பல் துலக்கி, படுக்கைக்கு வந்த பிறகு நல்ல நேரம். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும். முதலில் நீங்கள் உங்களுக்காகச் செய்யுங்கள். "இன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு ரொம்ப டென்ஷன்டா கண்ணா" என்று சொல்லிக்கொண்டு உங்கள் கை ஓரத்தை நீங்களே தட்டுங்கள். குழந்தை வந்து கேட்பான், அல்லது கேட்க மாட்டான். கேட்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கேட்டால், அவனுடைய அன்றைய நாளில் எது கடினமாக இருந்தது, உடம்பில் எங்கே தெரிகிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, அவன் சொன்ன சொற்களையே திரும்பச் சொல்லிக்கொண்டு இருவரும் சேர்ந்து தட்டுங்கள். தட்டல், சுவரில் இதமாக விரல் தாளம் போடுவதுபோல இருந்தால் போதும். தோல் சிவக்கக் கூடாது. மூச்சை வெளியே விடும் நேரம் உள்ளே இழுக்கும் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால், தட்டலின் பலனில் பாதிக்கு மேல் அதனாலேயே வருகிறது என்று நினைக்கிறேன். மொத்தம் நான்கைந்து நிமிடம். மறுபடியும் எவ்வளவு என்று கேளுங்கள். குறையவில்லை என்றால் "சரி, குறையலை" என்று ஒப்புக்கொண்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.

வகுப்பறையில் முகத்தையோ மார்பையோ தட்டினால் பக்கத்து பெஞ்சுக்குப் புதிய வேடிக்கை கிடைத்துவிடும். அங்கே மேசைக்கு அடியில் தொடையில் தட்டலாம். இதற்கு நம் ஊரிலேயே ஒரு வழி தயாராக இருக்கிறது. மயிலாப்பூரில் மிருதங்கம் பயிலும் ஒரு சிறுவன், வாசிக்கும்போது முக்கால் மணி நேரம் டிக்கே இல்லாமல் இருப்பதை அவனுடைய தாய்தான் முதலில் கவனித்தார். இசையிலும் நாட்டியத்திலும் ஆழ்ந்திருக்கும் நேரத்தில் டிக் தணிவது டூரெட் உள்ள பலர் சொல்லும் அனுபவம். முழுக் கவனமும் உடம்பின் நுட்பமான அசைவும் ஒன்றாகச் சேரும்போது அது நிகழ்கிறது. அவனுக்கு நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. வினாத்தாள் கைக்கு வந்ததும் தொடையில் ஓசையில்லாமல் ஓர் ஆவர்த்தனம் ஆதி தாளம் போட்டுவிட்டு எழுதத் தொடங்கு என்றேன்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும், எட்டு அட்சரம் முடிவதற்குள் மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும். உங்கள் மகனுக்குச் சங்கீதம் தெரியாவிட்டால் கிரிக்கெட் மைதானத்தில் கைதட்டும் தாளம் போதும்.

கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இரண்டு தோள்களுக்குக் கீழும் மாறி மாறித் தட்டிக்கொள்ளும் பட்டாம்பூச்சி அணைப்பும் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது. மெக்சிகோவின் அகபுல்கோவில் 1997-இல் அடித்த பெரும் சூறாவளிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் பணியாற்றிய லூசினா ஆர்ட்டிகாஸ் என்ற சிகிச்சையாளர் அதை உருவாக்கினார். தூங்கவைக்க முதுகில் தட்டிக்கொடுத்து வளர்ந்த குழந்தைக்கு இதன் பொருள் உடனே புரிந்துவிடும்.

எச்சரிக்கைகளில் முதன்மையானது இது. டிக் வரும் கணத்தில் "தட்டு, தட்டு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் "பண்ணாதே" என்பதற்கு நாம் ஒரு புதுச் சொல் கண்டுபிடித்தோம் என்றாகிவிடும். குழந்தை உடனே புரிந்துகொள்வான்: அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார், அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த டிக் அந்த எண்ணத்திலிருந்தே வரும். பாட்டி, தாத்தா, டியூஷன் அக்கா எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். தட்டிக்கொடுப்பது என்று தமிழில் எதற்குச் சொல்கிறோமோ அந்த மனநிலையில் இது நடக்க வேண்டும்.

இன்னொன்று, டிக் உள்ள குழந்தைகள் கணிசமானோருக்கு எண்ணச் சுழற்சி நோயும் (ஓசிடி) கவனக்குறைவும் (ஏடிஎச்டி) உடன் இருக்கும். வலப்பக்கம் ஆறு முறை தட்டினால் இடப்பக்கமும் சரியாக ஆறு முறை தட்டியாக வேண்டும், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், தட்டாமல் போனால் பரீட்சை கெட்டுவிடும் என்று உங்கள் மகன் சொல்லத் தொடங்கினால் பயிற்சியை அன்றோடு நிறுத்திவிடுங்கள். தொடுவதும் தட்டுவதுமே சிலருக்கு டிக்காக மாறும். இந்தக் காரணத்தால்தான் நான் எண்ணிக்கையே சொல்லிக்கொடுப்பதில்லை. "போதும்னு தோணுற வரைக்கும்" என்று விட்டுவிடுகிறேன். ஒரு நாள் வேண்டுமென்றே விட்டுப் பார்ப்பதும் நல்லது. விட முடிந்தால் அது பயிற்சி.

டிக்கையே குறைக்க வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சிகிச்சை இருக்கிறது. அதைச் சொல்லாமல் தட்டலை மட்டும் எழுதினால் நான் தவறு செய்தவளாவேன். நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இருவர் 1973-இல் வெளியிட்ட பழக்கமாற்றப் பயிற்சியிலிருந்து வளர்ந்த நடத்தைச் சிகிச்சை அது. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சிபிட் (CBIT) என்பார்கள். உந்துதல் எழுவதை முன்கூட்டியே உணரக் கற்றுக்கொண்டு, அந்த டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத ஒரு மென்மையான எதிர்ச்செயலை, உந்துதல் தணியும்வரை அல்லது ஒரு நிமிடம் செய்வது அதன் மையம். கழுத்தை வெட்டும் குழந்தை முகவாயைச் சற்றே தாழ்த்திக் கழுத்துத் தசையை இதமாக இறுக்கிப் பிடிப்பான். செருமும் குழந்தை வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடுவான். கூடவே, வீட்டிலும் பள்ளியிலும் டிக்கைக் கிளப்பும் சூழல்களைக் கண்டுபிடித்து மாற்றுவதும், உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. 9 முதல் 17 வயதுவரை 126 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், பத்து வாரங்களில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் நன்கு முன்னேறினார்கள். ஆறுதலும் தகவலும் மட்டும் பெற்றவர்களில் அது 18.5 விழுக்காடு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்துக்கு முன்பே இதைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. உங்கள் மகனின் வயது இதற்குப் பொருத்தமானது. தட்டலை இதில் வரும் தளர்த்தும் பயிற்சியின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் இது குறித்து விசாரிக்கலாம். எங்கே போனாலும் "பழக்கமாற்றப் பயிற்சி அளித்த அனுபவம் உண்டா?" என்று உளவியலாளரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. உடனடியாகப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அசைவின்போது நினைவு தப்பினாலோ, பெயர் சொல்லி அழைத்தும் சில நொடி வெறித்துப் பார்த்தாலோ, கைகால்கள் ஓயாமல் நெளிந்து கையெழுத்தும் நடையும் திடீரென்று கெட்டாலோ, தொண்டை வலியோடு கூடிய காய்ச்சலுக்குப் பிறகு இவை தோன்றினாலோ, தட்டலையும் இந்தப் பதிலையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வலிப்பும், வாதக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் கொரியா என்ற கைகால் நெளிவு நோயும் டிக்கைப் போலத் தோற்றமளிக்கும். பின்னாளில் மருந்து தொடங்கினால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்தக் காணொளிகளில் சில அப்படித் தூண்டுகின்றன.

பள்ளியைப் பற்றி ஒரு சொல். வகுப்பு ஆசிரியரிடம் தேர்வுக்கு முன்பே நேரில் பேசிவிடுங்கள். அவனைக் கடைசி வரிசையில் ஓரமாக உட்காரவைத்தால், பின்னால் யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியே பாதிப் பதற்றத்தைக் குறைக்கும். செருமினால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கைப் பற்றிய பாடமெல்லாம் பிறகு எடுக்கலாம்.

அரையாண்டுக்கு இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவே தொடங்கலாம், ஆனால் தேர்வுக்கான ஆயுதமாக அதை அறிமுகப்படுத்தாதீர்கள். முதல் வாரம் முழுவதும் தேர்வு என்ற பேச்சே அந்த நான்கு நிமிடத்தில் வரக் கூடாது; நாய் குரைத்தது, நண்பன் பேசவில்லை, சாம்பாரில் கத்திரிக்காய் இருந்தது என்று சில்லறை விஷயங்களுக்கே தட்டிப் பழகட்டும். இரண்டாவது வாரத்தில் அவனே தேர்வை எடுத்துவந்தால் அதற்கும் தட்டலாம். தேர்வு நாள் காலையில் நினைவூட்ட வேண்டாம். வேன் வரும்வரை கேட்டருகில் நிற்கும்போது உங்கள் கை ஓரத்தில் நீங்கள் தட்டிக்கொண்டிருங்கள். அவனுக்கு வேண்டுமென்றால் அவன் தட்டுவான்.